இரண்டு மணிக்கூடும் முப்பது ஏக்கரும்

சிட்னி நகரின் மேற்குப் புறத்தில் வாழும் எம்மவர் இல்லங்களில் விருந்தினராகத் தங்குவோர், போன மூன்றாம் நாளே ஒரு பெயரைக் கேட்காமல் இருக்க இயலாது. அது தலைவர் எவரினதும் பெயரன்று, நடிகர் பெயருமன்று. ஒரு பாடசாலையின் பெயர். "இன்னாருடைய பிள்ளைக்கு ஜேம்ஸ் ரூஸ் கிடைத்துவிட்டதாம்" என்பார்கள். நம் நாட்டிலே "பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைத்துவிட்டதாம்" என்று சொல்லும்போது குரலில் ஒரு கனம் ஏறுமே, அதே கனம் அங்கும் ஏறும். கார்லிங்ஃபோர்ட் என்னும் இடத்தில் 1959 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்த அரசினர் வேளாண்மைப் பாடசாலை, மாநிலத்தின் இறுதிப் பரீட்சையில் நெடுங்காலம் ஆண்டுதோறும் முதலிடத்தில் நின்றது. அனுமதிப் பரீட்சையிலே மிக உயர்ந்த புள்ளி பெற்றாலன்றி அதன் வாயிலைத் தாண்ட முடியாது.

எமது தம்பியின் மகளும் அந்தப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். வயது பதினொன்று. சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பு, ஞாயிறு மாலையில் இன்னொரு வகுப்பு. அப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு புத்தகப் பையைத் தூக்குவதைப் பார்த்திருந்த நாம், ஒருநாள் இராப் போசனத்தின்போது, "அதெல்லாம் இருக்கட்டும், யார் இந்த ஜேம்ஸ் ரூஸ்?" என்று கேட்டோம்.

தம்பி சிறிது யோசித்து, "யாரோ பழைய தேசாதிபதியாக இருக்க வேண்டும்" என்றான். அவன் மனைவி, "விஞ்ஞானி என்றல்லவா நினைத்தேன்" என்றாள். பிள்ளைதான் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து பாராமலே சொன்னாள்: "இல்லைப் பெரியப்பா, அவர் ஒரு கள்ளன்."

மறு ஞாயிறு மாலை வகுப்பு எதோ காரணத்தால் நடைபெறாது என்று அறிவித்தல் வந்தது. அந்தக் கள்ளனைத் தேடிப் போவதென்று நாம் தீர்மானித்தோம். எமது அன்னையாரும் கூட வந்தார். எண்பத்திரண்டு வயதாகியும் மோட்டார் வண்டிப் பிரயாணம் என்றால் முன்னாசனத்தை எவருக்கும் விட்டுக்கொடாதவர் அவர்.

பரமட்டா நகரை அடுத்து ஹரிஸ் பார்க் என்று ஒரு சிறு பகுதி உண்டு. இக்காலத்தில் அதைச் 'சின்ன இந்தியா' என்றே அழைக்கிறார்கள். விக்ரம் வீதியின் இரு மருங்கிலும் தோசைக் கடைகளும் இனிப்புக் கடைகளும் சேலைக் கடைகளுமாக இருக்கின்றன. பெருங்காயமும் பொரித்த எண்ணெயும் மணக்கின்றன. அந்தச் சந்தடியிலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில் ரூஸ் வீதி என்று ஓர் அமைதியான தெரு. அதிலே மரங்களின் நடுவே, தாழ்ந்த கூரையும் நீண்ட விறாந்தையும் கொண்ட பழைய வீடொன்று நிற்கிறது. தேசிய மரபுரிமை நம்பிக்கை நிதியம் 1961 இல் விலைக்கு வாங்கிப் பாதுகாத்து வரும் இந்த இடத்திற்குப் 'பரீட்சைப் பண்ணை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழங்குகிறது. பரிசோதனை என்று சொல்வதே பொருத்தம் என்பார் இருக்கலாம். எமக்கோ பரீட்சை என்ற சொல்லைவிட மனம் வரவில்லை.

அன்னையார் வீட்டைப் பார்க்கவில்லை. முற்றத்து மண்ணைப் பார்த்தார். பிறகு, "தம்பி, கிணறு எங்கை?" என்று கேட்டார்.

கிணறு கண்ணிற் படவில்லை. இங்கே ரூஸ் மழையை நம்பிப் பயிர் செய்தவர் என்று சொன்னோம். "மானாவாரியோ! அதுவும் கமமோ?" என்று யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரப் பெண்மணிக்கே உரிய இளக்காரத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிற்க, அந்தக் கள்ளனின் கதைக்கு வருவோம்.

ஜேம்ஸ் ரூஸ் 1760 அளவில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வால் பகுதியில், லோன்செஸ்டன் என்னும் ஊரின் அயலிலே பிறந்தார். கமத்தொழில் அன்றி வேறு தொழில் அறியாதவர். பிறர் நிலத்தில் உழைத்து உண்டவர். 1782 ஜூலை 29 ஆம் திகதி பொட்மின் நகர நீதிஸ்தலத்தில் அவர் நிறுத்தப்பட்டார். ஒருவருடைய வீட்டை உடைத்து உட்புகுந்து இரண்டு வெள்ளி மணிக்கூடுகளைத் திருடினார் என்பது குற்றம். மணிக்கூடுகளின் பெறுமதி 5 பவுண். தீர்ப்பு, மரண தண்டனை.

அக்காலத்து இங்கிலாந்திலே ஏறக்குறைய இருநூறு வகைக் குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை ஏட்டில் இருந்தது. ஏட்டிலிருந்த அத்தனையையும் நிறைவேற்றினால் தூக்குமரங்கள் போதா என்பதனாலோ, நீதவான்களுக்கும் நெஞ்சு என்று ஒன்று இருந்தபடியாலோ, பெரும்பாலான வழக்குகளில் அத்தண்டனை தீவாந்தர சிட்சையாக மாற்றப்பட்டது. ரூஸுக்கு விதிக்கப்பட்டது ஆபிரிக்காவில் ஏழு ஆண்டுகள். ஆனால் ஆபிரிக்காவுக்கு அவரை ஒருவரும் அனுப்பவில்லை. முன்னர் கைதிகளை ஏற்றுக்கொண்டிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களோ யுத்தஞ் செய்து பிரிந்துபோயின. அனுப்ப இடமின்றிக் கைதிகள் தேங்கினார்கள். பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களைத் துறைமுகங்களிற் கட்டி, அவற்றையே சிறைகளாக்கி, அதற்குள் அடைத்தார்கள். ரூஸ் அடைபட்டது பிளைமவுத் துறையில் நின்ற 'டன்கேர்க்' என்னும் கப்பலில். ஏழாண்டுத் தண்டனையில் நாலரை ஆண்டுக்கு மேல், நாட்டைவிட்டு ஓரடி நகராமலே கழிந்தது.

1787 மே 13 ஆம் திகதி போர்ட்ஸ்மவுத் துறையிலிருந்து பதினொரு கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் 'ஸ்கார்பரோ' என்னும் கப்பலில் ரூஸ் இருந்தார். எட்டு மாதங்கள் கடலில் சென்று, 1788 ஜனவரியில் அவை அவுஸ்திரேலியாவின் கீழ்க்கரையை அடைந்தன. கரையிறங்கிய அன்று அதிகாரி ஒருவரின் கால் நனையாதபடி அவரைத் தம் முதுகிலே சுமந்து சென்றவர் ரூஸ்தான் என்றும், ஆகவே முதற் காலடி வைத்தவர் அவரே என்றும் ஒரு கதை உண்டு. முதுமையிலே அவரே சொல்லிக்கொண்ட கதையென்பர். நம்புவதும் விடுவதும் வாசகர் பாடு.

வந்திறங்கிய ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் விரைவிலே பசி வந்தது. கைதிகளிற் பலர் நகரத்துத் திருடர், மண்வெட்டி பிடித்தறியாதவர். கொண்டுவந்த விதைகளிற் பெரும்பகுதி பிரயாணத்திலே பழுதாயிற்று. ஏர் இல்லை, ஏர் இருந்தாலும் இழுக்க மாடு இல்லை. கொண்டுவந்த சில மாடுகளும் காட்டுக்குள் ஓடி மறைந்து, 1795 இலேதான், பெருமந்தையாகப் பெருகிய நிலையிற் கண்டுபிடிக்கப்பட்டன. குடியேற்றத்தில் உள்ளவர்களைவிட அந்த மாடுகளே கெட்டிக்காரத்தனமாகப் பிழைத்தன என்று சொல்ல வேண்டும். துறையருகே அமைத்த முதற் பண்ணை விளையவில்லை. ஆற்றின் மேற்புறத்தில் பரமட்டாவில் நல்ல மண் கண்டு அங்கே பண்ணையை மாற்றினார்கள்.

1789 ஜூலையில் ரூஸ் தேசாதிபதி ஆதர் பிலிப்பின் முன் சென்று, "என் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது; எனக்கு நிலம் வேண்டும்" என்றார். முடிந்தது மெய்தானா என்று பார்க்கத் தேசாதிபதியிடம் ஏடுகள் இல்லை. கைதிகளின் தண்டனைப் பத்திரங்களை இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்! எனினும் பிலிப்புக்கு விடை தேவையான கேள்வி ஒன்று இருந்தது: கமந் தெரிந்த ஒருவன், சிறு நிலத்தோடு விடப்பட்டால், எத்தனை காலத்தில் அரசாங்கக் களஞ்சியத்தைக் கையேந்தாமல் தன்னைத் தானே போஷிப்பான்? அந்த விடைக்காக, 1789 நவம்பரில் ரூஸிடம் ஒரு துண்டு நிலமும் குடிசையும் விதையும் கருவிகளும் சில பன்றிகளும் கோழிகளும் கொடுக்கப்பட்டன. உறுதி மட்டும் கொடுக்கப்படவில்லை. பரீட்சையிலே தேறினாற்றான் உறுதி.

அடுத்த ஆண்டு நவம்பரில் வாட்கின் டென்ச் என்னும் படையதிகாரி அவ்விடம் சென்று, எப்படிப் பயிர் செய்கிறாய் என்று ரூஸிடமே கேட்டு, விடையைத் தம் நூலிற் பதிந்து வைத்தார். எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஒரு கூலியாளின் வேளாண்மை முறை இருநூறு ஆண்டு கடந்தும் நமக்குக் கிடைப்பது அந்தப் புண்ணியத்தால். விழுந்த மரங்களை எரித்து, அந்தச் சாம்பலை மண்ணோடு கொத்திக் கலந்தாராம். நாளொன்றுக்கு எட்டு, மிஞ்சினால் ஒன்பது பேர்ச் நிலத்துக்கு மேல் கொத்துவதில்லையாம். அரசினர் பண்ணையிலே செய்வதுபோல மேலாகக் கீறிவிடாமல் ஆழக் கொத்தி, கட்டி உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்து, காற்றும் வெயிலும் படும்படி ஆறப்போட்டு, விதைக்குமுன் மீண்டும் ஒருமுறை புரட்டுவாராம். அறுவடைக்குப் பின் வைக்கோலைக் குழிகளிலே தாட்டு எருவாக்கப் போவதாகவும் சொன்னார். அப்போது அவரிடம் ஒன்றரை ஏக்கர் கோதுமையும் அரை ஏக்கர் சோளமும் ஒரு சிறு மரக்கறித் தோட்டமும் இருந்தன. சோளத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று மறைக்காமற் கூறியிருக்கிறார்.

விறாந்தையில் இருந்தபடி இதனை அன்னையாருக்கு எடுத்துச் சொன்னபோதுதான் எமக்கே ஒன்று உறைத்தது. நம்மூர்க் கணக்கிலே பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. ஆக, ரூஸ் நாளொன்றுக்கு ஒரு பரப்புக்குச் சற்றுக் குறையக் கொத்தியிருக்கிறார். அன்னையார் முகம் இப்போது திரும்பிற்று. "ஒராள் தனியவோ? அது நல்ல வேலை" என்றார். பிறகு, "குழை தாட்டிருக்கிறான். விசயம் தெரிஞ்சவன்தான்" என்று சான்றிதழும் வழங்கினார். பூவரசங் குழையையும் வேப்பங் குழையையும் வண்டி வண்டியாக ஏற்றி வந்து செம்மண்ணிலே தாட்டவர் அவர். அவருடைய சான்றிதழ் இலகுவிற் கிடைப்பதன்று.

துணைக்கு யாரும் இல்லையோ என்று கேட்டார். இருந்தாள், மனைவி. எலிசபெத் பெரி என்னும் அப்பெண்ணும் கைதியாக வந்தவளே. 1790 செப்டெம்பர் 5 ஆம் திகதி இருவருக்கும் விவாகம் நடந்தது. சில காலம் தேசாதிபதி ஒரு கைதியைத் துணைக்கு விட்டிருந்தார்; பிறகு அவனையும் எடுத்துக்கொண்டார். மனைவி ஒருத்திதான் உதவி, அவள் உழைப்பாளி என்று ரூஸ் டென்சிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு ஜூனில் வந்து சேர்ந்த இரண்டாவது கப்பற்கூட்டத்துக் கைதிகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் நடுக்கடலிலே மாண்டிருந்தனர். எஞ்சி வந்தவர்களும் நோயாளிகள். களஞ்சியத்திலே மாவுக்குப் பஞ்சம். அப்படிப்பட்ட காலத்திலே 1791 பெப்ரவரியில் ரூஸ், இனி எனக்கு அரசாங்கத் தானியம் வேண்டாம் என்று அறிவித்தார். பதினைந்து மாதங்களிற் பரீட்சை முடிந்தது.

அவருக்கு 30 ஏக்கர் காணி உரித்தாக்கப்பட்டது. அக்குடியேற்றத்தில் வழங்கப்பட்ட முதற் காணி அதுவே. 1791 டிசெம்பரில் டென்ச் மறுபடி வந்து பார்த்தபோது பதினொன்றரை ஏக்கர் பயிரின்கீழ் இருந்தது. தேசாதிபதி கட்டிக் கொடுத்த செங்கல் வீட்டில் ரூஸ் குடும்பத்தோடு இருந்தார். இரண்டு மணிக்கூட்டுக்காகக் கழுத்திற் கயிறு விழவிருந்தவன் 480 பரப்புக் காணிக்காரன் ஆனான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நாம் செய்யும் திருட்டாகும். அந்த 480 பரப்பும் வெறுங் காடாக இருந்ததன்று. பரமட்டா என்ற பெயரே அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகளாகிய பரமட்டகல் கூட்டத்தாருடையது. விலாங்கு மீன்கள் தங்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வர். எத்தனையோ தலைமுறையாக அந்த ஆற்றங்கரை அவர்களுடையது. 1789 இல், ரூஸ் காணி கேட்பதற்குச் சில மாதங்கள் முன்னர், பெரியம்மை பரவி அத்திசை ஆதிக்குடிகள் ஏராளமானோர் மாண்டனர். எஞ்சியவர்களிடம் எவரும் விலை பேசவில்லை; அனுமதியும் கேட்கவில்லை. மணிக்கூட்டுக்கு வழக்கு இருந்தது, சாட்சி இருந்தது, நீதவான் இருந்தார். காணிக்கு ஒன்றும் இருக்கவில்லை. ரூஸ் அதைச் சிந்தித்தாரோ என்னவோ, கொத்துவதற்கு நிலம் கிடைத்த கூலியாளாகக் கொத்தினார்.

"அப்ப இது அவன்ரை வீடோ?" என்று அன்னையார் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

இல்லை. ரூஸின் செங்கல் வீடு இப்போது இல்லை. இது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் ஹரிஸ் என்னும் படை வைத்தியர் கட்டிய வீடு. ஹரிஸ் பார்க் என்பதும் அவர் பெயரே. 1793 ஒக்ரோபரில் ரூஸ் தம் முப்பது ஏக்கரையும் அவருக்கு 40 பவுணுக்கு விற்றுவிட்டார். நீதிஸ்தலத்துக் கணக்கிற் பார்த்தால் அது பதினாறு மணிக்கூட்டின் விலை.

"வித்திட்டானோ? அவ்வளவு பாடுபட்டுப்போட்டு ஏன் வித்தவன்?"

ஊருக்குத் திரும்பிப் போகும் எண்ணத்தோடு விற்றிருக்கலாம் என்கிறார்கள் என்றோம். அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்களும் வித்தனாங்கள்தானே" என்றார்.

வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டும். எமது தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகள் பிறர் தோட்டங்களைக் குத்தகைக்குச் செய்தவர். அதன் பின்னரே நாலு பரப்புச் செம்மண் தோட்டமும் கிணற்றிற் பங்கும் சொந்தமாக வாங்கினார். அந்த உறுதியை வெள்ளைத் துணியிற் சுற்றிப் பெட்டகத்தின் அடியில் வைத்திருந்தார். 1986 இல், நாட்டு நிலைமை காரணமாகத் தம்பியை எப்படியாவது வெளியே அனுப்ப வேண்டியிருந்தபோது, ஒரே கிழமைக்குள் அதனை விற்றார். விலை பேச நேரமிருக்கவில்லை. பின்னரும் பதினொரு ஆண்டுகள் குத்தகைக்கே தோட்டஞ் செய்து மறைந்தார். இதைப்பற்றி எம் வீட்டில் எவரும் பேசுவதில்லை. அன்றும் தம்பி ஒன்றும் பேசவில்லை. வாயிற் படலையின் பூட்டை நெடுநேரம் ஆராய்ந்துகொண்டு நின்றான்.

ரூஸ் ஊர் திரும்பவில்லை. 1794 இன் தொடக்கத்தில் ஹோக்ஸ்பரி ஆற்றங்கரையில் முதன்முதற் குடியேறியவர்களுள் ஒருவராகப் புது நிலம் பெற்றார். வண்டல் படிந்த மிக வளமான நிலம். அது ஆதிக்குடிகளின் வள்ளிக்கிழங்கு விளைந்த கரை. அதை வெட்டியெறிந்து சோளம் நட்டார்கள். ஆண்டு திரும்பும் முன்னே அங்கே மோதலும் கொலையும் தொடங்கின. ஆறும் சும்மா இருக்கவில்லை. 1806 மார்ச்சில் வந்த பெருவெள்ளம் அக்கரைக் கமக்காரரின் விளைச்சலையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. ரூஸின் பிற்காலம் ஏற்றமும் இறக்கமுமாகக் கழிந்தது. 1809 இல் வேறோரிடத்தில் 100 ஏக்கர் கிடைத்தது; அதுவும் அவரை உயர்த்தவில்லை. 1828 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே அவர் பெயர் மின்டோ என்னும் ஊரில், ஒரு கப்பித்தானின் பண்ணையில் மேற்பார்வையாளர் என்று காணப்படுகிறது. கோர்ன்வாலிற் போலவே பிறர் நிலத்தில் மீண்டும் வேலை.

அவருடைய சமாதி கம்பெல்டவுனில் இருக்கிறது என்று அறிந்து, அடுத்த ஞாயிறு தம்பி தானாகவே வண்டியை எடுத்தான். மாலை வகுப்பு இருக்கிறதே என்று அவன் மனைவி நினைவூட்டினாள். "ஒருநாள் போகாவிட்டால் ஒன்றும் ஆகாது" என்றான். அவ்வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை நாம் கேட்டது அதுவே முதல் தடவை.

சிட்னிக்குத் தென்மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். கத்தோலிக்கரின் பழைய சேமக்காலை. ரூஸ் 1836 இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். மறு ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி, விவாகம் நடந்து சரியாக நாற்பத்தேழு ஆண்டு நிறைந்த அதே தினத்தில், மறைந்தார். தம் நினைவுக் கல்லைப் பெரும்பாலும் தாமே செதுக்கினார் என்பர். மூலக்கல்லைப் பாதுகாப்புக் கருதி எடுத்துவிட்டு அதன் பிரதியை நிறுத்தியிருக்கிறார்கள். எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்தாமல் அப்படியே பிரதி செய்திருக்கிறார்கள்.

பிள்ளை குந்தியிருந்து பிழைகளை எண்ணத் தொடங்கினாள். "பெரியப்பா, இவருக்கு ஜேம்ஸ் ரூஸ் கிடைச்சிருக்காது" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன எழுதியிருக்குது?" என்று அன்னையார் கேட்டார். தம்பி குனிந்து ஒவ்வொரு வரியாகத் தமிழிற் சொன்னான். தாய் பரிவோடு வளர்த்தாள் என்று எழுதியிருக்கிறார், அம்மா. இந்த நாட்டுக்கு வந்து முதல் தானியத்தை விதைத்தவன் தான் என்று எழுதியிருக்கிறார். மணிக்கூட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. காணியைப் பற்றியும் இல்லை.

அன்னையார் தலையசைத்தார். கல்லைச் சுற்றிப் புல் மண்டியிருந்தது. ஊன்றுகோலின் நுனியால் அதிலே கொஞ்சத்தை ஒதுக்கினார்.

திரும்பும் வழியில் தம்பி நெடுநேரம் மௌனமாக வண்டியைச் செலுத்தினான். பெருந்தெருவில் ஏறிய பின்னர், "அண்ணை, அந்த நாலு பரப்பு இப்ப யார் செய்யினம்?" என்று கேட்டான். நாற்பது ஆண்டுகளில் அவன் அதைக் கேட்டது அப்போதுதான்.

வாங்கியவரின் மகன் செய்கிறான் என்றோம். போன போகம் வெங்காயம், இப்போது பீற்றூட். சந்தைக்குப் போகும்போது அந்த வேலியோரமாகத்தான் போகிறோம்.

"கிணறு?" என்றார் அன்னையார், முன்னாசனத்திலிருந்து திரும்பாமலே.

"இறைக்கினம் அம்மா. நல்லாய்த் தண்ணி கிடக்குது."